குட்டை அமரில்லிஸ்: குளிர்காலப் பூ தவறினால் எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

குட்டை அமரில்லிஸ் என்று கிடைப்பவை ஹிப்பியாஸ்ட்ரம் பேரினத்தின் சிறுபூ ரகங்கள். பேபி ஸ்டார், பமீலா, சோனாட்டினி வரிசை ஆகியவை பரவலாகத் தெரிந்தவை. பூந்தண்டு 30 முதல் 40 செ.மீ. உயரம் வரும். கிழங்கை நட்ட நாளிலிருந்து பூ விரிய 6 முதல் 10 வாரம் ஆகும்.

எந்த அறிகுறி தெரிந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: வேர் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் தண்ணீரைக் கூட்டாதீர்கள், உரமும் போடாதீர்கள். கிழங்கும் சிறியது, தொட்டியும் சிறியது. பெரிய ரகம் தாங்கிக்கொள்ளும் ஈரத்தில் இது அழுகிவிடும். இலையில் தெரியும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் அடித்தட்டில், அதாவது கிழங்கின் கீழே வேர் புறப்படும் அந்தத் தட்டையான பகுதியில்தான் இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: மண்ணில் செருகும் தெர்மாமீட்டர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சுற்றளவு எடுக்க ஒரு நூல், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தி, கையுறை. கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு. வெட்டிய துண்டுகள் குழந்தைகளுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ எட்டக்கூடாது.

எல்லா அறிகுறிக்கும் முதலில் மூன்று தொடு சோதனைகள்:

அழுத்திப் பாருங்கள். கிழங்கின் தோளையும் கழுத்தையும் கட்டைவிரலால் அழுத்தினால் புது வெங்காயம் போல இறுக்கமாக இருக்க வேண்டும்.

அசைத்துப் பாருங்கள். கிழங்கைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தால் மண்ணோடு சேர்ந்து எதிர்க்க வேண்டும். ஆடிக்கொண்டு எழுந்து வந்தால் வேர் இல்லை.

தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றியதும் தொட்டி எவ்வளவு கனம், காய்ந்தபின் எவ்வளவு கனம் என்று கைக்குப் பழகிவிட்டால் அதைவிட நம்பகமான ஈரமானி கிடையாது. மேல்மண் காய்ந்து தெரியும், அடியில் சேறாக இருக்கும். கண்ணை நம்பினால் ஏமாறுவோம்.

## நட்டு நான்கு வாரம் ஆகிறது, முளையே இல்லை

### கிழங்கு இறுக்கம், வேரும் பிடித்திருக்கிறது

குளிர்தான் காரணமாக இருக்கும். அறையின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள், மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். அறை 22 டிகிரி செல்சியஸ் காட்டும். ஜன்னலோரக் கல்லின் மேல் இருக்கும் தொட்டி மண் 15 டிகிரியில் கிடக்கும். முளை கிளம்ப மண்ணில் 20 முதல் 24 டிகிரி வேண்டும். ஒரு மரப்பலகை மேல் தொட்டியை ஏற்றி வைப்பதே பல நேரம் போதும். அதற்கும் மண் சூடேறவில்லையென்றால் விதை முளைக்க வைக்கும் வெப்பப் பாயை அடியில் விரிக்கலாம். தண்ணீரைக் கூட்டினால் முளை வராது, அழுகல்தான் வரும்.

### கிழங்கு இறுக்கம், ஆனால் வேர் இல்லை

வேர் காய்ந்த நிலையில் வாங்கிய கிழங்குகளில் இது சாதாரணம். வெளியே எடுங்கள். காகிதம் போல உள்ளீடற்றுப் போன வேர்களை மட்டும் நறுக்குங்கள். சதைப்பற்றோடு வெளிறி இருப்பவை உயிருள்ளவை, தொடாதீர்கள். அமரில்லிஸின் வேர் ஆண்டுதோறும் புதிதாக வருவதல்ல, பல பருவம் நிலைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் அடித்தட்டும் வேரும் மட்டும் நனையும்படி இரண்டு மணி நேரம் வையுங்கள். முழுக் கிழங்கையும் முக்கக் கூடாது.

மறுபடி நடும்போது கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி போதும். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் (மண்ணில் நீர் தேங்காமல் காக்கும் லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்ற கலவை இதற்கு நன்றாக ஒத்துவரும். ஒருமுறை அடி ஒழுகும்வரை தண்ணீர் விட்டு, முளை 5 செ.மீ. வரும்வரை கலவை முழுதும் காய்ந்தால் மட்டும் விளிம்போரம் கொஞ்சம் விடுங்கள்.

### எல்லாம் சரி, ஆனாலும் அசைவில்லை

காத்திருங்கள். எட்டு வாரம், அதற்கு மேலும் தூங்கும் கிழங்குகள் உண்டு. இறுக்கமான கிழங்கைத் தூக்கிப் போடுவது பெரிய நஷ்டம். மெத்தென்று இருந்தால் கீழே அழுகல் பகுதிக்குப் போங்கள்.

## இலை செழிப்பாக வருகிறது, பூந்தண்டு இல்லை

அதிகம் பேரை வாட்டும் அறிகுறி இது. முதலில் அவசரப்பட வேண்டாம்: சில கிழங்குகளில் இலை முந்தும், பூந்தண்டு பிந்தும். இலை கிளம்பி எட்டு வாரம் வரை பாருங்கள். இலையின் நுனி தட்டையாக, நாக்கு போல இருக்கும். பூமொட்டு தடித்து, உப்பி, இலை விசிறிக்குப் பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும்.

எட்டு வாரமும் கடந்துவிட்டால், இந்தப் பருவத்தில் செய்யும் எதுவும் இந்தப் பருவத்தில் பூ தராது. கிழங்குக்குள் பூமொட்டு உருவாவது அது வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன்பே. உள்ளே நான்கு இலைக்கு ஒரு பூமொட்டு என்ற வரிசையில் வளர்ச்சி நடக்கிறது. போன பருவத்தில் எட்டு இலை விட்ட கிழங்கில் இரண்டு தண்டுக்கு வாய்ப்பு உண்டு. மூன்றே இலை விட்டதில் ஒன்றுக்கும் உறுதி இல்லை. பருவம்தோறும் இலையை எண்ணித் தொட்டியில் குறித்து வையுங்கள். இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை.

### கிழங்கு இன்னும் சிறியதா?

அகன்ற இடத்தில் நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். பெரிய பூ ரகங்களுக்கு 26 செ.மீ. சுற்றளவுக்கு மேல் என்று சொல்லும் அட்டவணை இங்கே பொருந்தாது. குட்டை ரகங்கள் பல 18 முதல் 22 செ.மீ. அளவிலேயே பூக்கும். அதற்கும் குறைவென்றால் அது இன்னும் குழந்தை. தாயிடமிருந்து பிரித்த பக்கக்கிழங்கு பூக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் எடுக்கும்.

### போன பருவத்தில் இலைக்குச் சாப்பாடு கிடைத்ததா?

பூ முடிந்ததும் தொட்டியை மூலையில் ஒதுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. பூ வாடியதும் தண்டை மட்டும் 3 முதல் 5 செ.மீ. விட்டு நறுக்குங்கள், இலையைத் தொடாதீர்கள். வீட்டிலேயே வெளிச்சம் மிகுந்த இடம், முடிந்தால் வெளியே இளவெயில். ஆனால் வெளியே கொண்டுபோவதைப் பத்து நாளில் படிப்படியாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் இலை வெந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரையும் உரம், பொட்டியில் சொன்ன அளவில் பாதி. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் வேண்டாம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடியது நல்லது.

### ஓய்வு கிடைத்ததா?

ஆண்டு முழுக்கப் பச்சையாக நின்று, பூக்காமலே இலை விட்டுக்கொண்டிருக்கும் கிழங்குக்கு ஓய்வு கொடுத்துப் பாருங்கள். தண்ணீரை நிறுத்தி, இலையைத் தானே காயவிட்டு, 8 முதல் 10 வாரம் 10 முதல் 13 டிகிரியில், இருட்டில், உலர்வாக வைக்க வேண்டும். அவ்வளவு குளிர் கிடைக்காத ஊரில் வீட்டின் மிகக் குளிர்ந்த உலர்ந்த மூலையில் வைத்துத் தண்ணீரை மட்டும் நிறுத்தினாலும் பல கிழங்குகள் இசைந்துபோகும், எல்லாம் அல்ல. ஃபிரிட்ஜைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதன் 4, 5 டிகிரி இதற்குத் தேவைக்கு மேற்பட்ட குளிர். காய்கறி அறையில் வைப்பதானால் அங்கே ஆப்பிளோ பழுக்கும் பழமோ இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பனி உறையும் குளிர் ஒருபோதும் ஆகாது.

### தொட்டி நிறையக் குட்டிகளா?

குட்டை ரகங்கள் பக்கக்கிழங்கு விடுவதில் தாராளம். தாய் மெலிந்து, குட்டிகள் பெருத்துப் பூவில்லாமல் போவது உண்டு. சொந்த வேர் பிடித்து, தாயில் மூன்றில் ஒரு பங்கு அளவாவது வந்த குட்டிகளை ஓய்வுக் காலத்தின் முடிவில் பிரித்தெடுங்கள். வேறு நேரத்தில் வேரைக் கலைக்க வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இரண்டு முழுப் பருவம் நடந்து, ஆறு இலைக்கு மேல் வந்தும் பூவும் இல்லை, சுற்றளவும் ஏறவில்லை என்றால் புதிய கிழங்கு வாங்குவதே மிச்சம். பல கிழங்குகள் வைத்திருப்பவர்கள் ஒன்றைச் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து பார்க்கலாம். உள்ளே பழுப்பாகிச் சுருங்கிய மொட்டு தெரிந்தால் மொட்டு உருவானது, பின்னர் செத்துவிட்டது. கோளாறு ஓய்வுக் காலத்தில். மொட்டே இல்லையென்றால் கோளாறு இலைக் காலத்தில்.

## மொட்டு எட்டிப்பார்த்தது, அப்படியே நின்றது அல்லது காய்ந்தது

முதலில் அசைத்துப் பாருங்கள். வேரில்லாத கிழங்கு தன் சேமிப்பிலிருந்தே தண்டை ஓரளவு தள்ளும், பிறகு கைவிடும். ஆடினால் தண்ணீரைக் கட்டுப்படுத்தி, அடியில் வெப்பம் கொடுத்து, வேர் பிடிக்க விடுங்கள். இந்த மொட்டு போனாலும் கிழங்கு தப்பும்.

வேர் சரியென்றால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்டு நீளும் வாரங்களில் ஒருமுறை முழுக்கக் காய்ந்தாலும் மொட்டு உள்ளே சுருங்கும். அடுத்து இடம்: அறைச் சூடாக்கியின் காற்று நேரே படுகிறதா, பழக்கூடைக்குப் பக்கத்திலா, மொட்டு வந்தபின் தொட்டி மாற்றினீர்களா? மொட்டு தெரிந்த நாளிலிருந்து பூ முடியும்வரை தொட்டி மாற்றுவது கூடாது.

இவை எதுவும் இல்லாமல், மொட்டு உறையில் சிவப்புத் திட்டும் சொரசொரப்பும் இருந்தால், சிவப்புக் கோடு பகுதியைப் பாருங்கள்.

## குட்டை என்று வாங்கியது நெட்டையாகிச் சாய்கிறது

வெளிச்சக் குறைவும் அதிக வெப்பமும் சேர்ந்தால் எந்தக் குட்டையும் நீளும். முளை கிளம்பியதும் வெளிச்சம் மிகுந்த ஜன்னலுக்கு மாற்றுங்கள், வெப்பத்தை 18 முதல் 20 டிகிரிக்கு இறக்குங்கள், தினமும் தொட்டியைக் கால்வட்டம் திருப்புங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் திருப்பாததுதான் காரணம். தொட்டியோடு கவிழ்ந்தால் கனமான மண்தொட்டிக்குள் இந்தத் தொட்டியை இறக்கி வையுங்கள். குச்சி ஊன்றுவதானால் கிழங்கைக் குத்தாமல் விளிம்போரம்.

60 செ.மீ. தாண்டி, கைவிரித்த அகலத்துக்குப் பூ விரிந்தால் வளர்ப்பில் தவறில்லை. கிடைத்தது குட்டை ரகமே இல்லை. சிறிய கிழங்கு வேறு, குட்டை ரகம் வேறு. பெரிய ரகத்தின் வளராத கிழங்கு அளவில் குட்டை ரகத்தைப் போலவே தெரியும். வாங்கும்போது அளவைக் கேட்காமல் ரகப் பெயரைக் கேளுங்கள்.

மாறாக, தண்டு நீளாமல் கிழங்கின் கழுத்திலேயே பூ விரிந்தால், மண் குளிர்ந்திருக்கிறது அல்லது வேர் போதவில்லை. அந்த ஆண்டுக்கு அப்படியே ரசியுங்கள், அடுத்த முறை அடிவெப்பம் கொடுங்கள்.

## இலை, தண்டு, கிழங்கில் சிவப்புக் கோடு அல்லது புள்ளி

பயந்து மருந்தை எடுக்கும் முன் நிதானம் வேண்டும். அமரில்லிஸ் எந்தக் காயத்துக்கும் சிவந்துதான் பதில் சொல்லும். நகம் பட்டாலும், வெயில் சுட்டாலும், தண்டு உரசினாலும் சிவக்கும்.

ஒரே இடத்தில், பரவவில்லை. காயம். பென்சிலால் எல்லையைக் குறித்து ஒரு வாரம் பாருங்கள். கோடு தாண்டவில்லையென்றால் விட்டுவிடலாம். கிழங்கின் வெளித்தோலில் மட்டும் சிவப்பும் அடியில் வெள்ளைச் சதையும் இருந்தாலும் அப்படியே.

புள்ளி பெரிதாகி, நடுவில் குழிந்து, தண்டு அந்த இடத்தில் வளைகிறது. சிவப்புக் கொப்புள நோய். ஸ்டகனோஸ்போரா கர்ட்டிசியை என்ற பூஞ்சையின் வேலை. முதல் செலவில்லாத மருந்து, இலையையும் கழுத்தையும் நனைக்காமல் தண்ணீர் விடுவது, காற்றோட்டம் கொடுப்பது. பாதித்த இலையை வெட்டி அகற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஓய்வுக் காலத்தில் பழுப்புத் தோல்களை நீக்கி, சிவந்த வெளிச் செதிலை (வெங்காயம் போன்ற சதை அடுக்கை)ச் சுரண்டி, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். அதற்குப் பிறகும் வந்தால் தயோபனேட் மெத்தில் அல்லது கேப்டான் அடங்கிய பூஞ்சைக்கொல்லி, உங்கள் நாட்டில் அனுமதி இருந்தால், பொட்டியில் உள்ள அளவில்.

கிழங்கின் கழுத்திலிருந்தே சிவந்த கோடு, இலை ஓரம் ரம்பம் போல வெட்டுப்பட்டு, கோணலாக வருகிறது. கிழங்குச் செதில் சிலந்திப்பேன். செதில்களின் இடுக்கில் வாழ்வது, சுமார் 0.2 மி.மீ. நீளம், கைலென்ஸில் வெளிறிய துகள் நகர்வது போலத் தெரியும். மேலே அடிக்கும் மருந்து இடுக்குக்குள் போகாது. வளர்ப்பவர்கள் கிழங்கை வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட சுடுநீர்த் தொட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சமையலறைப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், சில டிகிரி கூடினாலும் உள்மொட்டு வெந்துவிடும், குறைந்தால் பேன் பிழைத்துவிடும். ஒன்றிரண்டு கிழங்கானால் உறையில் கட்டி எறிந்துவிடுங்கள். அரிய ரகமோ, பெரிய சேகரிப்போ என்றால் தாவரப் பாதுகாப்பு வல்லுநரை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

## கிழங்கு மெத்தென்று இருக்கிறது, நாறுகிறது

தொட்டியை விட்டு உடனே எடுங்கள். நாளை பார்க்கலாம் என்றால் நாளைக்கு அடித்தட்டு இருக்காது.

வெளிச் செதில்கள் மட்டும் அழுகியிருந்தால் வெள்ளைச் சதை தெரியும்வரை உரித்து, கழுவி, வெட்டுவாயில் கந்தகத் தூளோ மரக்கரித் தூளோ தடவி, காற்றோட்டமான நிழலில் நான்கைந்து நாள் காயவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். கழுத்திலிருந்து இறங்கிய அழுகல் என்றால், தண்ணீர் உச்சியில் ஊற்றியிருக்கிறோம். அடித்தட்டில் பழுப்பு வட்டம் தெரிந்தால் கத்தியால் மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள். சுத்த வெள்ளை வந்து, தட்டில் பாதிக்கு மேல் மிஞ்சினால் பிழைக்கும். தட்டு முழுதும் போய்விட்டால் மேலே எவ்வளவு நல்ல சதை இருந்தாலும் வேர் வர இடமில்லை, எறிந்துவிடுங்கள். அந்த மண்ணையும் வேறு தொட்டிக்குப் போடக் கூடாது.

உள்ளே குடைந்த பள்ளமும் தடித்த வெளிறிய புழுவும் இருந்தால் அது நார்சிசஸ் கிழங்கு ஈயின் புழு. வழக்கமாகக் கிழங்குக்கு ஒன்றுதான் இருக்கும். அடித்தட்டு தப்பியிருந்தால் புழுவை எடுத்துவிட்டு மேற்சொன்னபடி காயவைத்து நடலாம்.

## இலை மஞ்சளாகிறது

கீழ் இலை ஒன்றிரண்டு மெல்ல மஞ்சளாவது வயது. எல்லாம் ஒன்றாக மஞ்சளானால் தூக்கிப் பாருங்கள்: கனமாக இருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, லேசாக இருந்தால் தாகம் அல்லது ஓய்வுக்குத் தயாராகிறது.

பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து நீளவாக்கில் திட்டுத்திட்டாக, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேமல் போலத் தெரிந்தால், மொசைக் வைரஸாக இருக்கலாம். மருந்து இல்லை. அசுவினியாலும் வெட்டுக்கத்தியாலும் பரவும். உடனே தனியே பிரித்து வையுங்கள். புதிதாக வரும் இரண்டு இலையிலும் அதே தேமல் வந்தால் அழித்துவிடுங்கள். அது பூக்கிறதே என்று இரக்கப்பட்டால் பக்கத்துத் தொட்டிகள் எல்லாம் போகும்.

## வெள்ளைப் பஞ்சு, குட்டி ஈ

இலையடியில் பஞ்சு போல ஒட்டினால் மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை மூன்று வாரம் திரும்பப் பாருங்கள். உலர்ந்த தோலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். மண்ணிலிருந்து பறக்கும் குட்டிக் கருப்பு ஈக்கள் தண்ணீர் மிகுதி என்பதற்கு அடையாளம். மேல் 3 செ.மீ. காயவிட்டால் குறையும்.

## பூ வந்தது, நினைத்த நாளில் வரவில்லை

ஹிப்பியாஸ்ட்ரத்துக்குப் பகல் நீளம் கணக்கில்லை. வெப்பமும் ஓய்வும்தான் கணக்கு. பூ வேண்டிய நாளிலிருந்து எட்டு வாரம் பின்னால் போங்கள், அது நடும் நாள். அதிலிருந்து இன்னும் ஒன்பது, பத்து வாரம் பின்னால் போனால் தண்ணீரை நிறுத்தும் நாள். அதாவது டிசம்பர் 20இல் பூ என்றால் அக்டோபர் 25 வாக்கில் நடுதல், ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் நிறுத்தம்.

முந்திக்கொண்டால், மொட்டு நிறம் காட்டிய தறுவாயில் 15 டிகிரி இடத்துக்கு மாற்றுங்கள்; சில நாள் பிடித்து நிறுத்தலாம், விரிந்த பூவும் அங்கே அதிக நாள் நிற்கும். பிந்தினால் அடிவெப்பத்தை 24 டிகிரி வரை ஏற்றலாம், அதற்கு மேல் ஏற்றினால் தண்டு நீண்டு மெலியும். தென் கோளத்தில் விளைந்த கிழங்குகள் நட்டதும் விரைந்து பூக்கும், வட கோளத்துக் கிழங்குகள் புத்தாண்டு தாண்டியே பூக்கும். இரண்டையும் ஒரே நாளில் நட்டு ஒன்றாகப் பூக்கவில்லை என்று குழம்ப வேண்டாம். ஒரே ரகத்தில் நான்கைந்து கிழங்கு இருந்தால் பத்து நாள் இடைவெளி விட்டு நடுங்கள், குளிர்காலம் முழுக்கப் பூ இருக்கும்.

## சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டி வந்தால்

சிவப்புப் புள்ளி ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிக்குப் பரவும்போதும், தேமல் வைரஸ்தானா என்று ஐயம் இருக்கும்போதும், விற்பனைக்காக வளர்ப்பவர்களுக்கு அழுகல் அடுக்கடுக்காக வரும்போதும் தாவர நோய்ச் சோதனைக்கூடத்தை நாடுங்கள். முழுக் கிழங்கை வேரோடு எடுங்கள். மண்ணை உதறுங்கள், கழுவாதீர்கள். செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், அட்டைப்பெட்டியில் வையுங்கள். ஈரமாக அடைத்தால் போய்ச் சேரும்முன் வேறு பூஞ்சை முளைத்து உண்மையான காரணம் மறைந்துவிடும். முழுதாகச் செத்ததை அனுப்பினால் பயனில்லை. பாதி நோயும் பாதி நலமுமாக இருப்பதை அனுப்புங்கள். கூடவே ஒரு தாளில் நட்ட தேதி, கடைசியாகத் தண்ணீர் விட்ட தேதி, தொட்டி மண்ணின் வெப்பம், அடித்த மருந்தின் பெயர், அடித்த தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள்.